பழைய ரிசீவரா, புது ரிசீவரா, இரண்டுமே வேண்டாமா?

அப்பா இரண்டு பிஸ்கட் டின் நிறையக் கேசட் விட்டுப் போயிருக்கிறார். எண்ணிப் பார்த்தால் 41. மலேசியாவில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் எங்கே மாரியம்மன் திருவிழா நடந்தாலும் டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். உருமி மேளம், கும்மி, சாமி வந்து ஆடியவர் சொன்ன குறி, நடுநடுவே ஐஸ்காரனின் மணி, எல்லாம் அதில் உண்டு. இன்று மின்னல் எஃப்எம் என்கிறோமே, அது வானொலி ஆறாக இருந்த காலத்தில் பிடித்த பாட்டுகளும் சில நாடாக்களில் இருக்கின்றன. அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் பாதி இப்போது செம்பனை மரங்களுக்குள் போய்விட்டது. கேசட்டுகளைக் கணினியில் ஏற்ற வேண்டும், ஏற்றியதை ஹாலில் நல்ல சத்தத்தில் கேட்கவும் வேண்டும். தேவை இவ்வளவுதான்.

மூன்று பேர், மூன்று வழி. ரிசீவர் என்றால் பல கருவிகளின் ஒலியை வாங்கி, பெருக்கி, ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கும் பெட்டி. என்னிடம் இருப்பது ஹெச்டிஎம்ஐ துளைகள் (படமும் ஒலியும் ஒரே ஒயரில் வருபவை) வரிசையாக உள்ள ஏழு சேனல் ஹோம் தியேட்டர் ரிசீவர். ஈப்போவில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. எதிர்வீட்டு அண்ணன் கோயில்களுக்கு ஒலிபெருக்கி கட்டுபவர். அவர் வைத்திருப்பது 1990களின் ரிசீவர், ஹெச்டிஎம்ஐ பிறப்பதற்கு முந்தியது. அக்கா மகனோ ரிசீவரையே ஒதுக்கிவிட்டு, சிகரெட் பெட்டி அளவில் ஒரு யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸை, அதாவது கணினிக்குள் ஒலியை ஏற்றவும் வெளியே எடுக்கவும் உதவும் கருவியை, கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து ஒரு மாதம் ஓட்டியாயிற்று.

கேட்பதற்கு

இதில் புது ரிசீவரை அடிக்க ஆளில்லை. மடிக்கணினியிலிருந்து ஹெச்டிஎம்ஐ ஒயர் ஒன்று போதும். எட்டு சேனல் வரை, 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை அழுத்தாத ஒலி அதில் போகும். ஆப்டிக்கல் ஒயரில் அது நடக்காது. ஆப்டிக்கலில் ஸ்டீரியோ சுத்தமாகப் போகும், 5.1 என்கிற ஆறு சேனல் சுற்றொலி வேண்டுமென்றால் டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ்ஸாக அழுத்தித்தான் அனுப்ப முடியும். கேசட்டும் சிடியும் கேட்பவனுக்கு ஸ்டீரியோவே தாராளம், அதனால் பாட்டுக்கு மட்டும் என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் என் காதுக்குத் தெரியவில்லை.

ஆனால் ஆப்டிக்கலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதில் போவது வெளிச்சம், மின்சாரம் இல்லை. மடிக்கணினியைச் சார்ஜரில் போட்டுக்கொண்டு சாதாரண சிவப்பு வெள்ளை ஒயரில் ரிசீவரோடு இணைத்தால், ஸ்பீக்கரில் 'உம்ம்ம்' என்று அடித்தொண்டையில் ஒரு ரீங்காரம் வரும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் இரண்டு எர்த்துக்கு நடுவில் சுற்றிக்கொண்டிருப்பதன் சத்தம் அது. ஆப்டிக்கல் போட்டதும் நின்றுவிட்டது. ஹெச்டிஎம்ஐக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது: மடிக்கணினி ரிசீவரை ஒரு திரையாகத்தான் நினைக்கிறது. ரிசீவரை அணைத்தால் கணினித் திரையில் திறந்திருக்கும் ஜன்னல்களெல்லாம் இடம் மாறி, சத்தமும் வேறு எங்கோ போய்விடும்.

எதிர்வீட்டு அண்ணனின் பழைய ரிசீவரில் ஆப்டிக்கல்கூட இல்லை. கணினியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்துதான் எடுக்க வேண்டும். சத்தம் இனிமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இனிமையில் பாதி அவருடைய பெரிய பெட்டி ஸ்பீக்கர்களுடையது. அக்கா மகனின் இன்டர்ஃபேஸ் ஹெட்ஃபோனில் கேட்பவனுக்குச் சரி. ஹால் நிறைய வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் எப்படியும் ஒரு ஆம்ப் வேண்டும்.

ஒரு தவறான புரிதலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், நானும் அதில் விழுந்தவன். ரிசீவரின் முன்பக்கம் இருக்கும் யுஎஸ்பி துளை பெண்டிரைவுக்கு. கணினியை அதில் சொருகினால் ரிசீவர் சவுண்ட் கார்டாக மாறாது, ஒன்றுமே நடக்காது. பெண்டிரைவில் தரம் குறையாமல் சுருக்கிய எஃப்எல்ஏசி கோப்புகளைப் போட்டுச் சொருகினால் அழகாகப் பாடும். இப்போது அம்மா கேட்பது அப்படித்தான்.

கணினி வழியாகக் கேட்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் எல்லாச் சத்தத்தையும் ஒரே கலவையாக்கி, தனக்குப் பிடித்த ஒரு வேகத்தில், பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸில், வெளியே தள்ளும். சிடியின் 44.1 அப்படியே போக வேண்டுமென்றால் ஃபூபார் போன்ற பாட்டு மென்பொருளில், அந்தக் கலவையைத் தாண்டி நேராக அனுப்பும் வாசாபி எக்ஸ்க்ளூசிவ் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரிசீவரின் முகப்பில் 44.1 என்று எண் மாறினால் வேலை செய்கிறது என்று பொருள். வாட்ஸ்அப் 'டிங்' சத்தம் பாட்டுக்கு நடுவில் வராமல் போவது உபரி லாபம்.

பதிவு செய்ய

இங்கேதான் கதை தலைகீழ். கடையில் சாமர்த்தியமாகத் தெரிந்த என் ரிசீவருக்கு உள்ளே வாங்கத்தான் தெரியும், வெளியே கொடுக்கத் தெரியாது. பழைய ரிசீவரின் முதுகில் 'டேப்' என்று எழுதி நான்கு துளைகள் இருக்கும்: இரண்டு உள்ளே, இரண்டு வெளியே. வெளியே போவதற்குப் பெயர் ரெக் அவுட். எந்தக் கருவியைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதன் ஒலி, வால்யூம் குமிழுக்குப் போகும் முன்பே பிரிந்து, மாறாத அளவில் அங்கே வந்து நிற்கும். நீங்கள் வால்யூமை ஏற்றினாலும் இறக்கினாலும் பதிவில் ஒரு மாற்றமும் இருக்காது. புது மாடல்களில் பெரும்பாலும் இந்தத் துளைகளையே எடுத்துவிட்டார்கள். இருக்கும் மாடல்களிலும் ஆப்டிக்கலிலோ ஹெச்டிஎம்ஐயிலோ உள்ளே வந்த ஒலி ரெக் அவுட்டில் வராது. அனலாக் ஒயரில் வந்தது மட்டும்தான் வரும். டிஜிட்டலில் வந்ததை அப்படியே நகல் எடுக்கலாம் என்று ரிசீவர் வாங்குபவர்கள் கவனிக்க.

என்னிடம் ரெக் அவுட் இல்லை, வெளியே தனி ஆம்ப் இணைப்பதற்கான ப்ரீ அவுட் இருந்தது. இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தேன். கேசட் டெக்கை ரிசீவரில் போட்டு, முன் ஸ்பீக்கர்களுக்கான ப்ரீ அவுட்டிலிருந்து மடிக்கணினிக்கு ஒயர் இழுத்து, ஒரு உருமி மேள நாடாவை முழுசாக ஏற்றினேன். ஒரு மணி நேரம். பிறகு கேட்டால் மேளத்தில் உயிரே இல்லை. குச்சி தோலில் படும் 'டக்' இருக்கிறது, உருமி இழுக்கும் அந்த 'ஊ...ம்' இல்லை. நாடா கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

எதிர்வீட்டு அண்ணன் வந்து கேட்டார். "ஸ்பீக்கரைச் சின்னதுன்னு செட் பண்ணி வெச்சிருக்கியா?"

"ஆமாண்ணே, சப்வூஃபர் இருக்கே."

"அப்ப அடிச்சத்தம் பூரா சப்வூஃபருக்குத்தான் போயிருக்கு. உன் பதிவுல எப்படி இருக்கும்?"

அதேதான். முன் ஸ்பீக்கர் சிறியது என்று அமைத்தால், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ரிசீவர் வெட்டி சப்வூஃபருக்கு அனுப்பிவிடும். அந்த வெட்டு ப்ரீ அவுட்டிலும் இருக்கும். மைக் வைத்து அறையை அளந்து செய்த திருத்தமும் அதோடு சேர்ந்து பதிவாகும். வால்யூமைத் தொட்டால் அதுவும் பதிவாகும். என் ஹாலின் சுவருக்காகச் செய்த திருத்தம் அப்பாவின் திருவிழாவில் ஏறி உட்கார்ந்திருந்தது. ப்யூர் டைரக்ட் பொத்தானை அழுத்தினால் என் ரிசீவரில் இதெல்லாம் விலகுகிறது, ஆனாலும் வால்யூம் பிரச்சினை மிச்சம்.

அதே நாடாவை அண்ணனின் பழைய ரிசீவரில் போட்டு, ரெக் அவுட்டிலிருந்து அக்கா மகனின் இன்டர்ஃபேஸுக்குக் கொடுத்தோம். உருமி வந்துவிட்டது. அவருக்குப் பழைய எல்பி தட்டுகளும் உண்டு. அவற்றுக்குப் பழைய ரிசீவர்தான் சரியான ஆள், ஏனென்றால் அதில் ஃபோனோ துளை இருக்கிறது. தட்டு முள்ளிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. அதைப் பெருக்கி, 1954 முதல் தட்டுக் கம்பெனிகள் பொதுவாக வைத்துக்கொண்ட ஆர்ஐஏஏ அளவுப்படி திருத்தித் தருவது அந்தத் துளைக்குப் பின்னால் இருக்கும் சுற்று. ரிசீவரின் எஃப்எம்மையும் ரெக் அவுட்டிலேயே பிடிக்கலாம். தட்டும் வானொலியும் வைத்திருப்பவர் பழைய ரிசீவரை இரும்புக்குப் போட வேண்டாம்.

ஆனால் கேசட்டுக்கு மட்டும் என்றால்? நடுவில் ரிசீவர் எதற்கு என்று அக்கா மகன் கேட்டது நியாயம். டெக்கின் லைன் அவுட்டை நேராக இன்டர்ஃபேஸில் போட்டான். ஒரு கருவி குறைந்தால் ரீங்காரத்துக்கும் ஒரு வழி குறைகிறது. டெக்கையும் கணினியையும் மட்டும் இணைத்து, மடிக்கணினியைப் பேட்டரியில் ஓட்டினோம். பின்னணியில் நாடாவின் 'ஸ்ஸ்' தவிர வேறு சத்தமே இல்லை. மென்பொருள் ஆடாசிட்டி, இலவசம். இரண்டு பதிவையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தோம். ரெக் அவுட் வழிக்கும் நேர் வழிக்கும் வித்தியாசம் சொல்ல அண்ணனாலும் முடியவில்லை. வேலையின் சுலபத்தில் அக்கா மகன் ஜெயித்தான்.

யுஎஸ்பி ஒயரோடு வரும் மலிவு கேசட் பிளேயர் ஒன்றையும் இணையத்தில் வாங்கிப் பார்த்தேன். பாட்டு நடுங்குகிறது, நாதஸ்வரம் அழுகிறது. அதைப் பற்றி அவ்வளவுதான்.

எதில் பணத்தைப் போடுவது

மூன்று வழியிலும் ஒலியை உண்மையில் மாற்றியது ரிசீவரோ இன்டர்ஃபேஸோ இல்லை, டெக்கின் தலைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன ஸ்க்ரூ. அப்பாவின் ரெக்கார்டர் தலை ஒரு கோணத்தில் நின்று பதிந்திருக்கும். என் டெக்கின் தலை வேறு கோணம். இரண்டும் ஒத்துவராவிட்டால் மேல்சுரம் மங்கிப் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கும். நாடாவை ஓடவிட்டு, நகைக்கடை ஸ்க்ரூடிரைவரால் கடுகளவு திருப்பினேன். ஜாலரா சட்டென்று வெளியே வந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் மறுபடி மங்கல். எங்கே பளிச்சென்று இருக்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்ய வேண்டியிருந்தது, ஏனென்றால் அப்பா மூன்று ரெக்கார்டர் மாற்றியிருக்கிறார்.

நம் ஊர் ஈரத்துக்கு நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கும். அதை அப்படியே டெக்கில் போட்டால் தலையும் ரப்பர் உருளையும் நாசம். முதலில் பஞ்சால் துடைத்து, ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிட்டுத்தான் பதிவுக்கு எடுக்கிறேன்.

எண்களில் ஆசைப்பட வேண்டாம். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் ஒரு மணி நேர ஸ்டீரியோ 2 ஜிபியைத் தாண்டும். 24 பிட், 44.1இல் 1 ஜிபிக்குள் அடங்கும். திருவிழா மைதானத்தில் சாதாரண ரெக்கார்டர் பிடித்த ஒலியில் 44.1க்கு மேல் சேமிக்க ஒன்றுமில்லை. 24 பிட் மட்டும் வேண்டும். அப்போதுதான் அளவைத் தாழ்வாக வைத்துப் பதியலாம். உச்சம் மைனஸ் 10 டெசிபெல் பக்கம் நின்றால் போதும். யாரோ மைக்கில் "ஹலோ ஹலோ" என்று திடீரெனக் கத்தும்போது டிஜிட்டலில் வெடித்துவிட்டால் அதைச் சரிசெய்யவே முடியாது.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இது: டெக்கும் இன்டர்ஃபேஸும் சாப்பாட்டு மேசையில், ரிசீவரோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பதிந்தது பெண்டிரைவ் ஏறி ஹாலுக்குப் போகிறது, ரிசீவர் பாடுகிறது. சாயங்காலம் இடி இடிக்க ஆரம்பித்தால் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுகிறோம். போன வருடம் ஒரு மின்னலில் அண்ணன் வீட்டு டிவியின் ஹெச்டிஎம்ஐ துளைகள் மூன்றும் போய்விட்டன, பழைய ரிசீவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே அவர் இன்னும் ஜெயித்துக்கொண்டிருக்கிறார். 41இல் 26 முடிந்திருக்கிறது. 27ஆவது கேசட்டில் அப்பா பேனாவால் எழுதியதைப் பூஞ்சை தின்றுவிட்டது, எந்தத் தோட்டம் என்று தெரியவில்லை.