அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கும் ராஜா: ‘ஜொனாதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நோரல்’ நாவல் மதிப்புரை

1806-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் யார்க் நகரம். அங்கே மந்திரவாதிகள் சங்கம் ஒன்று இருக்கிறது. மாதம் ஒருமுறை கூடுவார்கள், மந்திரத்தின் வரலாற்றைப் பற்றி நீளநீளமாகக் கட்டுரை வாசிப்பார்கள், கலைந்து போவார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட ஒரு சின்ன மந்திரமும் போடத் தெரியாது. அசல் ஏட்டுச் சுரைக்காய்கள். புதிதாகச் சேர்ந்த செகண்டஸ் என்பவர் எழுந்து, “இங்கிலாந்தில் இப்போது ஏன் யாருமே மந்திரம் செய்வதில்லை?” என்று கேட்கிறார். சங்கமே கொதிக்கிறது. அந்தக் கேள்வியிலிருந்துதான் சுசானா கிளார்க்கின் இந்தப் பெரிய நாவல் கிளம்புகிறது.

2004-இல் வெளிவந்தது, எழுதி முடிக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. 69 அத்தியாயங்கள், மூன்று பாகங்கள். 2005-இல் ஹியூகோ விருதும் உலக ஃபேண்டஸி விருதும் கிடைத்தன. நெப்போலியனுடன் பிரிட்டன் போரிட்ட காலம், உண்மையான மந்திரிகள், உண்மையான தளபதிகள், பைத்தியம் பிடித்த மூன்றாம் ஜார்ஜ் மன்னர், கவிஞர் பைரன் என்று எல்லாம் சரித்திரத்தில் உள்ளபடியே வருகிறது. ஒரே ஒரு மாற்றம்: இந்த இங்கிலாந்தின் வடபாதியை 1111 முதல் 1434 வரை, நியூகாசிலைத் தலைநகராகக் கொண்டு, ஜான் உஸ்க்ளாஸ் என்ற காக்கை மன்னன் ஆண்டிருக்கிறான். மந்திரம் அவன் கொண்டுவந்தது. அவன் போனபின் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிவிட்டது.

சரித்திர நாவலில் அமானுஷ்யத்தைக் கலப்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மாயம் வந்தவுடன் சரித்திரம் வெறும் திரைச்சீலை ஆகிவிடும். வாளும் கோட்டையும் இருக்கும், வரியும் வாய்தாவும் காணாமல் போகும். கிளார்க் நேரெதிர் வழியில் போகிறார். இங்கே மந்திரத்துக்கு நூற்பட்டியல் உண்டு, வழக்கு உண்டு, உரையாசிரியர்களுக்குள் சண்டை உண்டு. மந்திரம் செய்யக் கற்றுத்தரும் நூல் வேறு, மந்திரத்தைப் பற்றிப் பேசும் நூல் வேறு என்ற பாகுபாட்டில்தான் கதையின் அதிகாரப் போட்டியே நிற்கிறது. முதல் வகை நூல்கள் அரிது. அவற்றை ஒன்றுவிடாமல் வாங்கித் தன் நூலகத்தில் பூட்டி வைத்திருப்பவர் நோரல். கஞ்சத்தனமும் பயமும் நிறைந்த கிழவர், ஆனால் வேலை தெரிந்தவர்.

மூன்றாம் அத்தியாயத்தில் அவர் வேலையைக் காட்டுகிறார். யார்க் சங்கத்தாருடன் முதலில் ஒப்பந்தம் போடுகிறார்: நான் மந்திரம் செய்து காட்டினால் நீங்கள் மந்திரவாதி என்ற பெயரையே விட்டுவிட வேண்டும். செகண்டஸ் தவிர எல்லோரும் கையெழுத்திடுகிறார்கள். பனிக்காலத்தில், யார்க்கின் இருட்டான கிறிஸ்தவப் பெருங்கோயிலுக்குள் அவர்கள் காத்து நிற்கிறார்கள். நோரல் அங்கே வரக்கூட இல்லை. திடீரென்று ஒரு கற்சிலை பேசத் தொடங்குகிறது. பல நூறு ஆண்டுகளுக்கு முன் தன் கண்ணெதிரே ஒரு பெண் கொலையுண்டதை, தான் மட்டும் பார்த்ததை, இத்தனை காலம் யார் காதிலும் விழாததைச் சொல்கிறது. பிறகு கோயிலில் உள்ள சிலைகள் எல்லாம் பேசுகின்றன. கல்லுக்கு உயிர் வந்தால் முதலில் சாட்சிதான் சொல்லும் என்று யோசித்த அந்த இடத்திலேயே ஆசிரியரின் தரம் தெரிந்துவிடுகிறது.

எட்டாம் அத்தியாயத்தில் கதையின் உண்மையான ஆபத்து உள்ளே நுழைகிறது. அரசின் ஆதரவைப் பெறுவதற்காக, மந்திரி ஒருவருக்கு நிச்சயிக்கப்பட்டு இறந்துபோன பெண்ணை உயிர்ப்பிக்க நோரல் ஒப்புக்கொள்கிறார். தன்னால் முடியாதது என்பதால் வேற்றுலகத்தான் ஒருவனை வரவழைக்கிறார். எருக்கம்பஞ்சு போல் மிதக்கும் வெள்ளை முடியும் பச்சைக் கோட்டுமாக வருகிறான். ‘ஃபேரி’ என்றதும் நம் சிறுவர் நூல்கள் ‘தேவதை’ என்று போட்டுவிடும். அந்தச் சொல்லை மனதில் வைத்துப் படித்தால் இந்த நாவலே புரியாது. நம் யட்சியும் மோகினியும் இவனுக்கு நெருங்கிய உறவு: அழகு, ஆசை, அநியாயமான கணக்கு. அவன் கேட்கும் கூலி அந்தப் பெண்ணின் ஆயுளில் பாதி. பாதி என்றால் பிற்பாதிதான் என்று நோரல் தாமாக நினைத்துக்கொள்கிறார். எந்தப் பாதி என்று கேட்டு எழுதி வாங்கவில்லை. அவன் எடுத்துக்கொள்வது அவளுடைய ஒவ்வொரு இரவையும். பகலில் லண்டனில் சீமாட்டி. இரவெல்லாம் அவன் மாளிகையில் முடிவில்லாத நடனம். யாரிடமாவது சொல்ல வாயைத் திறந்தால் சம்பந்தமில்லாத ஏதோ பழங்கதைதான் வருகிறது. பேய்க்கதைகளில் ரத்தம் தெறிப்பதைவிட, பேச முடியாமல் போகும் இந்தக் கொடுமை நெஞ்சைப் பிசைகிறது.

இனி அடிக்குறிப்புகள். ஏறத்தாழ 200 இருக்கின்றன. அவற்றில் சில, பல பக்கங்கள் நீள்கின்றன. இல்லாத நூல்களுக்கு மேற்கோள், காக்கை மன்னன் காலத்து நாட்டுப்புறக் கதைகள், பழைய மந்திரவாதிகளின் வாழ்க்கைக் குறிப்புகள். “கதை ஓட்டத்தைக் கெடுக்கிறது” என்று இவற்றைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பாதியில் நூலை மூடுகிறார்கள். காரணம் எளிது: மேலே ஓடும் கதையில் மன்னன் கிட்டத்தட்ட வருவதே இல்லை. அவன் ஆண்ட நாடு முழுவதும் கீழே, சிறிய எழுத்தில்தான் இருக்கிறது. அதைப் படிக்காமல் மூன்றாம் பாகத்துக்குப் போனால், எதற்காக இத்தனை பேர் அவன் பெயரைச் சொன்னதும் நடுங்குகிறார்கள் என்றே விளங்காது.

இரண்டாம் பாகத்தில் ஸ்ட்ரேஞ்ச் போர்க்களம் போகிறார். நோரலின் மாணவர், துணிச்சல்காரர், சற்றே அலட்சியம். அவரை முதலில் மதிக்காத தளபதி வெலிங்டனை நம்மவர்களுக்கு வேறு வகையில் தெரியும்: 1799-இல் திப்பு வீழ்ந்தபின் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் பொறுப்பை ஏற்ற அதே ஆர்தர் வெல்லெஸ்லி. பிரமாதமான மாயங்கள் எதுவும் அவருக்கு வேண்டாம். படை நடக்க நல்ல சாலை வேண்டும். ஸ்ட்ரேஞ்ச் சாலை போடுகிறார். படை கடந்ததும் எதிரிக்குப் பயன்படாமல் அதை மறைக்கிறார். ஒரு தளபதி மந்திரவாதியிடம் உண்மையில் எதைக் கேட்பார் என்பதை இவ்வளவு சரியாகக் கணித்த எழுத்து அபூர்வம். திருடுபோன பீரங்கிகள் எங்கே என்று அறிய இறந்த வீரர்களை எழுப்பும் பகுதி இன்னும் இருண்டது. எழுப்பத் தெரிந்த ஸ்ட்ரேஞ்சுக்கு அவர்களைத் திரும்பப் படுக்க வைக்கத் தெரியவில்லை. உயிர் கேட்டு அந்தப் பிணங்கள் பின்னாலேயே வருகின்றன.

நாவலின் மனசாட்சி ஸ்டீஃபன் பிளாக். அடிமைப் பெண்ணுக்குக் கப்பலில் பிறந்து, மந்திரி வீட்டில் தலைமைப் பணியாளராக இருக்கும் கறுப்பினத்தவர். எருக்கம்பஞ்சு முடிக்காரன் இவர்மேல் பிரியம் வைத்து, ராஜா ஆக்குகிறேன் என்று சொல்லி வதைக்கிறான். பேரரசின் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதை ஆசிரியர் ஒரு சொற்பொழிவும் இல்லாமல் இவர் வழியாகக் காட்டிவிடுகிறார். ஆனால் இந்தியாவுக்குக் கதையில் கிட்டத்தட்ட இடமே இல்லை. கதை தொடங்கும் அதே 1806-இல்தான் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். இத்தனை அடிக்குறிப்பில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு நல்ல இடம் கொடுத்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

குறைகள் வேறும் உண்டு. முதல் பாகம் மெதுவானது. தலைப்பில் முதலில் நிற்கும் ஸ்ட்ரேஞ்ச் 14-ஆம் அத்தியாயத்தில்தான் கதைக்குள் வருகிறார். லண்டன் விருந்துகளில் ஒட்டித் திரியும் இரண்டு மூன்று பேரின் அரட்டை நீண்டுவிடுகிறது. உயிர்ப்பிக்கப்பட்ட அந்தப் பெண்ணும் (லேடி போல்) ஸ்ட்ரேஞ்சின் மனைவி அரபெல்லாவும் இவ்வளவு நன்றாக உருவானபின், நெடுநேரம் மேடைக்கு வெளியே நிறுத்தப்படுவது வருத்தம்.

ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு இன்னொன்று. காட்டு, தேர்ந்தெடு, சோபா போன்ற சாதாரணச் சொற்களுக்கே 200 ஆண்டுக்கு முந்தைய எழுத்துக்கூட்டு இருக்கும். அச்சுப்பிழை என்று நினைத்துவிட வேண்டாம். நடை முழுவதும் அந்தக் காலத்து நாவல் நடைதான், 50 பக்கத்தில் பழகிவிடும். அச்சு நூலே நல்லது: அடிக்குறிப்பு அதே பக்கத்தில் கண்ணில் படும், போர்ஷியா ரோசன்பர்க்கின் படங்களும் எடுப்பாகத் தெரியும். ஒரே கட்டாக வரும் பேப்பர்பேக் கையில் கனக்கும், முதுகில் மடிப்பு விழும். மூன்று தனித்தனி நூல்களாக வந்த பெட்டிப் பதிப்பு பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் விடாதீர்கள். மின்நூலில் நீண்ட அடிக்குறிப்புகளுக்குள் போய்த் திரும்புவது அலுப்பு. சைமன் பிரெபிள் வாசித்த ஒலிநூல் சுமார் 32 மணிநேரம். இரண்டாம் வாசிப்புக்கு அருமை. 2015-இல் பிபிசி எடுத்த ஏழு பகுதித் தொடரில் நடிப்பு நன்று. ஆனால் அடிக்குறிப்புகளின் உலகம் அதில் இல்லை, அதனால் நூலுக்குப் பிறகு பாருங்கள்.

நேரம் குறைவு என்றால் மூன்றாம், எட்டாம் அத்தியாயங்களை முதலில் படித்துப் பாருங்கள். சிலைகள் பேசுவதும், அந்த ‘பாதி’ கணக்கும் உங்களை இழுக்காவிட்டால் இந்த நூல் உங்களுக்கானது இல்லை. இழுத்தால் முதல் பக்கத்துக்குத் திரும்பி, ஒரு அடிக்குறிப்பையும் விடாமல் தொடங்குங்கள்.