6,400 ரூபாய் கொடுத்த கண்ணாடியில் ஐயாவுக்கு எழுத்து தெரியவில்லை

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஐயாவுக்குப் போன மாதம் கண்புரை ஆபரேஷன். உள்ளே வைத்த லென்ஸில் தூரம் நன்றாகத் தெரிகிறது, ஆனால் அது பிறவி லென்ஸ் மாதிரி கிட்டப் பார்க்கும்போது உப்பிக்கொடுக்காது, அதனால் படிக்க மட்டும் பிளஸ் 2.50 கண்ணாடி போடச் சொன்னார் டாக்டர்.

காரைக்குடியில் ஏசி போட்ட ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனோம். பையன் ஊதா நிற லேசர் பேனாவை லென்ஸ் வழியாக அட்டையில் அடித்தான். சாதா லென்ஸில் புள்ளி விழுந்தது, அவன் விற்கும் லென்ஸில் விழவில்லை. "பாத்தீங்களாய்யா, கண்ணுக்குக் கவசம்!" ஐயா அசந்துபோனார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும்தான். ஹை இண்டெக்ஸ், ஒளியைக் கூடுதலாக வளைக்கும், மெல்லிசாக இருக்கும் என்றான். அப்படி லென்ஸ் உண்டுதான், எங்களுக்குக் கொடுத்தது அதில்லை. 6,400 ரூபாயையும் அப்போதே எண்ணிக் கொடுத்தேன்.

வந்த கண்ணாடி நடுவில் புடைத்துத் தடியாக இருந்தது. ஐயா பேப்பரைக் கை முழுக்க நீட்டிப் பிடித்துப் படிக்கிறார், பஞ்சாங்கத்தின் பொடி எழுத்து சுத்தமாகத் தெரியவில்லை. போன் போட்டால் "பழகிடும் சார்". பத்து நாள் கழித்து "ஆபரேஷன் கண்ணுக்கு அப்படித்தான் இருக்கும்". அப்புறம் ஓனர் சென்னை போய்விட்டாராம்.

நேற்று உச்சி வெயிலில் முற்றத்தில் கண்ணாடியைப் பிடித்து, கீழே கறுப்பு அட்டையை மேலும் கீழும் நகர்த்தினேன். வெளிச்சம் குவிந்து வட்டம் ரொம்பச் சின்னதாகும் இடத்தை அப்பத்தா தையல் டேப்பால் அளந்தார்கள். 100-ஐ 2.5-ஆல் வகுத்தால் 40 சென்டிமீட்டரில் குவிய வேண்டும். வந்தது 66! அதாவது பவர் 1.50. ஐயா பேப்பரை நீட்டிப் பிடிக்கும் தூரமும் கிட்டத்தட்ட அதேதான். தேவகோட்டையில் வேறொரு கடைக்காரர் பவரை அளக்கும் லென்ஸ் மீட்டர் மெஷினில் வைத்துப் பார்த்தார், இரண்டு பக்கமும் 1.50. காசு கூட வாங்கவில்லை.

இவனிடம் சொன்னால் "எங்க மெஷின்ல 2.50 காட்டுதே". சரி, காட்டு என்றால் மெஷின் சர்வீஸுக்குப் போயிருக்கிறதாம்.

லேசர் பேனாவைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதற்கும் பவருக்கும் சம்பந்தமே இல்லை. பில்லில் பவரை எழுதி வாங்குங்கள். மீட்டரில் கண் முன்னால் வைத்துக் காட்டாமல் பாக்கிப் பணம் தராதீர்கள். வேறு என்ன சொல்ல, 6,400 ரூபாய்! நாளைக் காலையில் டேப்பையும் ஐயாவையும் கூட்டிக்கொண்டு மறுபடி அந்தக் கடைக்குப் போகிறேன்.