பனிக்குட நீர் எடுக்கப் பழக எந்த மாடல் நல்லது?

15 வாரம் முடிந்த பிறகு, ஸ்கேன் திரையில் பார்த்துக்கொண்டே தாயின் வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுத்து, பிள்ளையின் குரோமோசோமைப் பார்ப்பதுதான் அம்னியோசென்டெசிஸ். பழகிய கையில், இதனால் கூடுதலாகக் கரு கலையும் ஆபத்து 0.5 சதவீதத்துக்கும் கீழே. அந்தப் பழக்கம் வருவதுதான் இப்போது கஷ்டம். 2011 வாக்கில் தாயின் ரத்தத்தை வைத்தே ஸ்க்ரீனிங் செய்யும் டெஸ்ட் வந்த பிறகு, ஊசி தேவைப்படும் தாய்மார்கள் குறைந்துவிட்டார்கள். அவர்களுக்கு அது பெரிய நிம்மதி, ஆனால் புதிதாகக் கற்கும் மருத்துவர் யாரிடம் கை பழகுவார்? மாடலில்தான்.

என் ஓட்டு ஜெலட்டினுக்கு. கெட்டியாகக் காய்ச்சி, இசப்கோல் உமி கொஞ்சம் கலந்து டப்பாவில் ஊற்றினால் ஸ்கேனில் சதை மாதிரியே பொரிபொரியாகத் தெரியும் (உமி இல்லாவிட்டால் வெறும் கறுப்புதான்), நடுவில் கலர் தண்ணீர் நிரப்பிய பலூனைப் புதைத்துவிட்டால் அதுதான் பனிக்குடம், சிரிஞ்சில் கலர் வந்தால் சரியான இடத்துக்குப் போயிருக்கிறோம் என்று அர்த்தம். ஊசி போன தடம் அழியாமல் நிற்பது ஒரு தொல்லை, கொஞ்ச நேரத்தில் பழைய தடம் எது, ஊசி எது என்றே குழம்பும். உருக்கித் திரும்ப ஊற்ற வேண்டியதுதான்.

தண்ணீர்ப் பை மேல் கோழி நெஞ்சுக்கறியை வைத்துப் பழகுவதும் உண்டு. ஊசி இறங்கும்போது கைக்குத் தெரிகிற அந்தப் பிடிப்பு ஜெலட்டினில் வராது. ஆனால் சில மணி நேரம்தான் தாங்கும், பச்சைக்கறி என்பதால் ப்ரோபுக்கு (ஸ்கேன் செய்ய மேலே வைக்கும் கருவிக்கு) உறை போட்டே ஆக வேண்டும்.

சிலிக்கான் பொம்மை பார்க்க அழகு, ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரி இருப்பதால் தேர்வு வைக்க அதைவிட நல்லது இல்லை. விலைதான் இடிக்கிறது. குத்திக் குத்தித் தேய்ந்தால் உள் பாகத்தை மாற்றவும் காசு. ஓரிடத்தில், பொம்மை பாழாகிவிடும் என்று பயந்து, அதைப் பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள், மனசு கேட்கவே இல்லை.

வயிற்றில் இருக்கும் பிள்ளையின் தொப்புள்கொடியில் ரத்தம் எடுப்பது வேறு கதை, அதற்கு மேலே சொன்ன எதுவும் போதாது. பிரசவத்துக்குப் பிறகு தாயின் சம்மதத்தோடு வாங்கிய நஞ்சையும் அதோடு ஒட்டிய தொப்புள்கொடியையும் தண்ணீர்த் தொட்டியில் வைத்துத்தான் பழக வேண்டும். மிதக்கிற கொடி ஊசி பட்டதும் நழுவும், நஞ்சில் ஒட்டியிருக்கும் இடத்தில் நழுவாது, இரண்டு தமனிகளுக்கு நடுவே பெரிதாகத் தெரியும் அந்த ஒரே சிரையைக் குறிவைக்க வேண்டும். இதை நிஜக் கொடியில் பார்த்தால்தான் புரியும்.

புதிதாகத் தொடங்கும் துறை என்றால் முதல் மாதம் முழுக்க ஜெலட்டின் போதும், பக்கத்தில் ஒரு சீனியர் மட்டும் கட்டாயம் நிற்க வேண்டும். நீர் வந்ததா என்று அவர் பார்க்க வேண்டாம், குத்தியதிலிருந்து உருவும் வரை ஊசி நுனி ஒரு நொடியாவது திரையிலிருந்து மறைந்ததா என்று பார்த்தால் போதும். மறைந்தால் உருவிவிட்டு முதலிலிருந்து.