மலையில் ஒரு பழைய மாஸி 240 ட்ராக்டர்: இரண்டு வருடம் ஓட்டிய பிறகு

நுவரெலியாவில், கந்தப்பளைக்குப் பக்கத்தில் 4½ ஏக்கர் குத்தகைக் காணி செய்கிறேன். கரட், லீக்ஸ், கோவா, மாசி பங்குனியில் உருளைக்கிழங்கு. 10 வருடம் லேண்ட்மாஸ்டரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தே உழுதேன். பெரிய உழவுக்கு மட்டும் வாடகைக்கு ட்ராக்டர் கூப்பிடுவேன். மழை விட்டு மண் பதமாக இருப்பது இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். வாடகை ட்ராக்டர் வருவது ஐந்தாம் நாள். அதற்குள் மறுபடி மழை பிடித்துவிடும், இல்லையென்றால் மண் கட்டி தட்டிவிடும். 2023 இல் அப்படி ஒரு கிழங்குப் போகம் மூன்று வாரம் பின்னுக்குப் போனது. பழையதாக ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிடுவது என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன்.

வாங்கியது மாஸி பெர்குசன் 240. இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். இதே அளவில் வண்டி தேடும் மலைநாட்டுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய ட்ராக்டர் வாங்குவது பற்றி எனக்குக் கிடைத்த ஆலோசனை எல்லாம் சமதரையில் உழுகிறவர்கள் சொன்னது. இஞ்சின் சத்தத்தைக் கேள், புகையைப் பார், டயரைப் பார் என்பார்கள். எல்லாம் சரிதான், ஆனால் எங்கள் பக்கம் முதலில் பார்க்க வேண்டியது வேறு.

அதைச் சொல்லித் தந்தவர் என் சித்தப்பா. தேயிலைத் தோட்டத்தில் 20 வருடத்துக்கு மேல் கொழுந்து ட்ராக்டர் ஓட்டியவர். மலையிலிருந்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, கொழுந்து இறக்குவதுதான் அவருடைய வேலை. "மகன், ஏத்தத்துல இழுக்குதான்னு எல்லாரும் பார்ப்பாங்க. நீ எறக்கத்துல நிக்குதான்னு பாரு" என்றார். வண்டி பார்க்கப் போன மூன்று இடத்துக்கும் அவரையே கூட்டிக்கொண்டு போனேன்.

முதலில் பார்த்தது வெலிமடைப் பக்கம் ஒரு மாஸி 135. 1960களிலும் 70களிலும் வந்த மொடல், இன்னமும் நம் ஊர்களில் ஓடுகிறது. 240 இல் இருக்கும் அதே வகைப் பேர்கின்ஸ் மூன்று சிலிண்டர் இஞ்சின்தான் அதற்கும். ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆனது, புகையும் சுத்தம். நான் அட்வான்ஸ் கொடுக்கத் தயாராகிவிட்டேன். சித்தப்பா டாஷில் இருந்த சின்ன லீவரைக் காட்டி, "இது மல்டிபவர் வண்டி. நம்ம பாதைக்கு வேணாம்" என்றார்.

கிளச் மிதிக்காமலே ஓடுகிற கியரை ஹை, லோ என்று மாற்றிக்கொள்ளும் ஏற்பாடுதான் மல்டிபவர். சமதரை உழவுக்கு அருமையான வசதி. ஆனால் லோவில் இருக்கும்போது இஞ்சின் சக்கரத்தைச் சுற்றலாம், சக்கரத்தால் இஞ்சினைச் சுற்ற முடியாது. மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிள் தன் பாட்டுக்கு உருளுமே, அதே மாதிரி. இறக்கத்தில் இஞ்சின் பிடிப்பு என்பதே இருக்காது. பின்னால் இழுக்கும் பெட்டி (ட்ரெயிலர்) நிறையக் கோவா ஏற்றிக்கொண்டு இறங்குகிறவன், பாரம் கூட என்று நினைத்து லோவுக்கு மாற்றினால், பிடிக்க வேண்டிய நேரத்தில் வண்டியை அவிழ்த்துவிட்டது போலாகும். அந்த வண்டியில் குறை எதுவும் இல்லை. ஹையில் வைத்து இறங்கத் தெரிந்தவருக்கு அது நல்ல வண்டியாகவே இருக்கும். என் வீட்டில் நானும் ஓட்டுவேன், என் மச்சானும் ஓட்டுவான், அவசரத்துக்கு வேறு யாராவதும் ஏறுவார்கள். அதனால் விட்டுவிட்டேன்.

இரண்டாவது வண்டிக்காகப் பொலன்னறுவை வரை போனோம். 240, புதுச் சிவப்புப் பெயின்ட், புது சீட் கவர், படத்தில் பார்த்ததைவிட அழகு. வயல் பக்கத்து வண்டிகளில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இரும்புச் சக்கரம் மாட்டிச் சேற்றில் இறக்கி உழுத வண்டிக்கு, பின் அச்சு வழியாகத் தண்ணீர் உள்ளே போக வாய்ப்பு அதிகம். மாஸியில் ஹைட்ரோலிக் பம்ப் தனியாக வெளியே இல்லை. கியர்பொக்சுக்கும் பின் அச்சுக்கும் பொதுவாக இருக்கும் ஒயிலுக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. ஆகவே அந்த ஒரே ஒயில் கெட்டால் கியர், பேரிங், ஹைட்ரோலிக் மூன்றும் சேர்ந்து கெடும். சித்தப்பா ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்தார். பால் தேத்தண்ணி நிறம். அடியில் உள்ள ஒயில் பிளக்கைக் கொஞ்சம் தளர்த்தினால் முதலில் சொட்டியது தண்ணீர். தரகர், ஒயில் மாற்றினால் சரியாகிவிடும் என்றார். எத்தனை காலம் அந்தத் தண்ணீரோடு ஓடியது என்று அவரால் சொல்ல முடியவில்லை. பகல் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினோம்.

மூன்றாவது பண்டாரவளைக்கு இந்தப் பக்கம். பெயின்ட் வெளுத்து, பொனட் ஒரு பக்கம் நசுங்கி, பார்க்க ஒன்றுமில்லாத வண்டி. சொந்தக்காரர் வயதான சிங்கள விவசாயி. பிள்ளைகள் யாரும் காணிக்கு இறங்கவில்லை என்றுதான் விற்கிறார். நான் வருகிறேன் என்று சொல்லியும் இஞ்சினைச் சூடாக்கி வைக்கவில்லை. அதுவே எனக்குப் பாதி நம்பிக்கை தந்தது. கையை வைத்துப் பார்த்தேன், கல்லு மாதிரி குளிர்ந்திருந்தது. சாவியை ஹீட்டர் பக்கம் திருப்பி 15 விநாடி பிடித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினார், எடுத்தது. பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போக வேண்டும். தை மாதத்து உறைபனி விழும் காலையில் எங்கள் பக்கம் வண்டி எடுக்குமா என்பது பின்னேரம் நான்கு மணிக்குச் சூடான இஞ்சினைப் பார்த்தால் தெரியாது.

"மல்லி (தம்பி), வேண்டிய மாதிரி ஓட்டிப் பாருங்கள்" என்று விட்டுவிட்டார். சித்தப்பா பார்த்த முறையை அப்படியே எழுதுகிறேன். வீட்டுக்குக் கீழே ஆளில்லாத, நேரான இறக்கம். பெட்டி இல்லாமல், லோ ரேஞ்சில் (இது மல்டிபவர் இல்லை, கியர்பொக்சின் சாதாரண லோ) இரண்டாம் கியர், அக்சிலேட்டரை முழுக்க மூடி, கிளச்சிலும் பிரேக்கிலும் கால் வைக்காமல் இறங்கவிட்டார். நடை வேகத்திலேயே இறங்கியது, கியர் தானாக நழுவவில்லை. பழைய கியர்பொக்ஸ் தேய்ந்திருந்தால் ஏற்றத்தில் ஒழுங்காக இருக்கும், இறக்கத்தில் பாரம் பின்னாலிருந்து தள்ளும்போதுதான் நியூட்ரலுக்குக் குதிக்கும். அடுத்தது பிரேக். மாஸிக்கு இடம், வலம் என்று இரண்டு பெடல், காணியில் திருப்புவதற்குத் தனித்தனியாக மிதிப்போம், ரோட்டில் கொக்கி போட்டு ஒன்றாக்க வேண்டும். முதலில் ஒவ்வொன்றாக, பிறகு கொக்கி போட்டு. ஒரு பக்கம் இழுக்காமல் நேராக நிற்க வேண்டும். கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தது. இறங்கி வலது சக்கரத்தின் உட்பக்கம் டோர்ச் அடித்துப் பார்த்தால் ஒயில் ஈரம். பின் அச்சு சீல் கசிந்து ட்ரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூவில் ஒயில் பட்டிருக்கிறது. வயதான வண்டியில் வருகிற தேய்மானம், சீலும் ஷூவும் மாற்றினால் தீரும். அதைக் காட்டித்தான் விலை பேசினோம். 19 இலட்சத்தில் ஆரம்பித்த பேச்சு 17½ இல் முடிந்தது. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய வண்டி எல்லாமே விலை ஏறிக் கிடந்த நேரம் அது.

ஹைட்ரோலிக்கைச் சோதிப்பது சுலபம். கலப்பையை முழுக்கத் தூக்கி இஞ்சினை நிறுத்திவிட்டு, கலப்பையிலிருந்து எட்ட நின்று, ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் பார்க்க வேண்டும். உடனே தொப்பென்று இறங்கினால் உள்ளே சீலோ வால்வோ போயிருக்கிறது. மெதுவாக இறங்கினால் இந்த வயதுக்குப் பரவாயில்லை. இரட்டைக் கிளச்சையும் பாருங்கள். பெடலைப் பாதி மிதித்தால் வண்டி நிற்க வேண்டும், பின்னால் கருவிகளைச் சுற்ற வைக்கும் பி.டி.ஓ. தண்டு சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், முழுக்க மிதித்தால்தான் அதுவும் நிற்க வேண்டும். இதை நான் அவசரத்தில் பார்க்காமல் விட்டேன். ஆறாம் மாதம் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் போடும்போது கிளச் வழுக்க ஆரம்பித்தது. வண்டியை நடுவில் இரண்டாகப் பிரித்தால்தான் அந்தக் கிளச்சைத் தொடவே முடியும். கராஜ் பாஸ் (மெக்கானிக்) நான்கு நாள் எடுத்தார். ஒரு நல்ல உழவு வாரம் அதோடு போனது. இன்றைக்கும் அது மனதில் உறுத்துகிறது.

இஞ்சினைப் பற்றிக் கடைசியில்தான் சொல்கிறேன், அதில் எனக்குக் கவலையே வரவில்லை. 2.5 லீற்றர், கிட்டத்தட்ட 47 குதிரைவலு. ஆனால் அது கடல் மட்டத்துக் கணக்கு. டர்போ இல்லாத டீசல் இஞ்சின் 1000 மீற்றர் ஏறினால் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு பலத்தை இழக்கும், காற்று மெல்லியது என்பதால். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே 47 குதிரைவலு 40க்குக் கீழே வந்துவிடுகிறது. அதனால் கீழ்நாட்டில் இந்த வண்டி இழுக்கிற அகலமான ரொட்டவேட்டரை இங்கே மாட்டாதீர்கள், ஒரு அளவு சின்னது போதும். பாரம் ஏறும்போது கொஞ்சம் கறுப்புப் புகை விட்டால் இந்த உயரத்தில் பயப்படத் தேவையில்லை. நீலப் புகை விட்டால்தான் இஞ்சின் ஒயில் எரிகிறது என்று அர்த்தம். இஞ்சின் ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்கும்போது வாயால் ஊதுவது போலக் காற்று தள்ளினால், ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன. அப்போதும் இது பேர்கின்ஸ் என்பதால் பிஸ்டன், லைனர், கஸ்கட் எல்லாம் நம் டவுன்களில் கிடைக்கும், பிரித்துக் கட்டத் தெரிந்த பாஸ்மாரும் இருக்கிறார்கள்.

வண்டியின் பதிவுப் புத்தகத்தில் உள்ள இஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் வண்டியில் தேடிப் பிடித்து, பெயின்டைச் சுரண்டியாவது ஒப்பிட வேண்டும். இந்த வயது வண்டிகளில் இஞ்சின் மாறியிருப்பது சாதாரணம், புத்தகத்தில் மாற்றாமல் விட்டிருப்பதும் சாதாரணம். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனி பெயர் நின்றால், அது நீங்கும் வரை ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

இரண்டு வருடத்தில் சீல், பிரேக் ஷூ, கிளச், ஒரு பேட்டரி. அவ்வளவுதான் போனது. ரொட்டவேட்டர் போட்டால் மணிக்கு 5 லீற்றர் அளவில் டீசல் குடிக்கிறது, பெட்டி இழுத்தால் அதைவிடக் குறைவு. கிழங்குக்கு முன்னால் என் காணியின் தட்டையான பகுதியைத் தட்டுக் கலப்பையில் ஒன்றரை நாளில் புரட்டுகிறேன். முந்தி லேண்ட்மாஸ்டரில் அதற்கு ஆறு நாள் நடந்தேன். மண் பதமாக இருக்கும் அந்த இரண்டு நாளும் இப்போது என் கையில் இருக்கிறது. கொடுத்த காசுக்கு நான் வாங்கியது அந்த இரண்டு நாளைத்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் எல்லாருக்கும் இதை வாங்கச் சொல்ல மாட்டேன். என் காணியில் 3 ஏக்கர் ஆற்றோரம் தட்டையாகக் கிடக்கிறது, மிச்சம் 1½ ஏக்கர் சரிவு. சரிவில் இந்த வண்டியை நான் இறக்குவதே இல்லை. குறுக்காக உழுதால் கவிழும் பயம், என் வண்டியில் ஆளைக் காக்கும் வளைவுக் கம்பியும் கிடையாது. மேலும் கீழுமாக உழுதால் அடுத்த மழைக்கு மேல்மண் எல்லாம் சால் வழியாக ஓடைக்குப் போய்விடும். அந்த 1½ ஏக்கருக்கு இன்னமும் மண்வெட்டியும் மண் கிண்டும் முள்ளும்தான். தட்டையான பகுதியில்கூட, பின் சக்கரங்களைக் கழற்றித் திருப்பி மாட்டி அகலப்படுத்தியிருக்கிறேன், மாஸியில் அதற்கு வசதி உண்டு. காணி முழுக்க படிக்கட்டுப் பாத்தியாக உள்ளவர்களுக்கு 1800 கிலோ அளவில் கனமான, பின் சக்கரம் மட்டும் இழுக்கிற இந்த வண்டி சுமைதான். அவர்கள் ஜப்பானில் இருந்து வந்த பழைய நான்கு சக்கர இழுவைச் சின்ன வண்டியைப் பார்க்கட்டும், அல்லது லேண்ட்மாஸ்டரோடு இருக்கட்டும்.

சித்தப்பா இப்போதும் மாதத்துக்கு ஒரு தடவை வந்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் வலது சக்கரத்தின் உட்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். போன தடவை விரல் காய்ந்தே வந்தது. "டயரைப் பாரு மகன், வலது பக்கம் பாதிதான் இருக்கு" என்றார். அடுத்த போகத்துக்கு முன்னால் பின் டயர் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பிடிப்பு ஒரு பக்கம் கூடிப்போய் ஈர இறக்கத்தில் வண்டி திரும்பிவிடும் என்பதால், இரண்டையும் சேர்த்தே வாங்கக் காசு எடுத்து வைத்திருக்கிறேன்.