வாரண்ட் இருக்கிறதா? கவுண்டி கோர்ட்டில் நேரே தேடுவதா, காசு வாங்கும் தளத்தில் தேடுவதா?

டெக்சாஸில் லைசென்ஸைப் புதுப்பிக்க ஆன்லைனில் உட்கார்ந்த அன்றுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. புதுப்பிக்க முடியாது என்று வந்து நின்றது. ஏனென்று தோண்டிக்கொண்டே போனால், ஒன்றரை வருஷத்துக்கு முன் வேகமாக ஓட்டியதற்கு வாங்கிய டிக்கெட். இடையில் வீடு மாறினேன், புது முகவரியைக் கோர்ட்டுக்குச் சொல்லவில்லை, அவர்கள் அனுப்பிய நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போயிருக்கிறது. வாய்தாவுக்குப் போகாவிட்டால் பிடிவாரண்ட் வரும் என்பது ஊரில் கேட்டு வளர்ந்த சங்கதிதான், ஆனாலும் தினமும் காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது நான், வழியில் போலீஸ் நிறுத்தினால் பின்சீட்டில் அவர்கள் இருக்கும்போதே என்ன ஆகும் என்று நினைத்ததும் வயிற்றைக் கலக்கியது.

அன்று ராத்திரியே இரண்டு வழியிலும் தேடினேன். ஒன்று, கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கோர்ட்டின் சொந்தத் தளம், இலவசம். இன்னொன்று, பெயரைப் போட்டால் ஜாதகமே கொடுப்போம் என்று சொல்லும் தனியார் தளம், மாதச் சந்தா. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கவுண்டி பக்கம்தான்.

காசு, வேகம் இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. தனியார் தளம் பார்க்க அழகாக இருக்கும், கவுண்டி தளம் இருபது வருஷத்துக்கு முன் கட்டியதைப் போல இருக்கும். தனியார் தளத்தில் ஒரு பட்டை நகர்ந்துகொண்டே இருக்கும், "கைது விவரங்கள் இருக்கலாம்" என்று சிவப்பில் மிரட்டும், பத்து நிமிஷம் கழித்துத்தான் கார்டு நம்பர் கேட்கும். இந்த மிரட்டலை அரசே பிடித்திருக்கிறது. 2023 செப்டம்பரில் ட்ரூத்ஃபைண்டர், இன்ஸ்டன்ட் செக்மேட் என்ற இரண்டு தளங்கள் மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. வெறும் போக்குவரத்து டிக்கெட் இருந்தவர்களைக்கூடக் குற்றப் பதிவு உள்ளவர்கள்போலக் காட்டினார்கள் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று, 58 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

சரி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நம்மவர்களுக்கு இந்த விஷயத்தில் எல்லாமே பெயரில்தான் மாட்டுகிறது.

உதாரணத்துக்கு க. செந்தில் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம், அப்பா பெயர் கருப்பசாமி. பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் கருப்பசாமியைப் போட்டிருந்தால் அமெரிக்காவில் அவர் மிஸ்டர் கருப்பசாமி. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால், விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) என்று மூன்றெழுத்து வந்து உட்காரும், முழுப் பெயரும் கடைசிப் பெயராகிவிடும். லைசென்ஸில் ஒரு மாதிரி இருக்கும், டிக்கெட் எழுதும் போலீஸ்காரர் அவசரத்தில் திருப்பிப் போட்டிருப்பார், கோர்ட் கணினியில் ஏற்றுபவர் இன்னொரு மாதிரி ஏற்றியிருப்பார். இது போதாதென்று எழுத்துக்கூட்டல் வேறு. கருப்பசாமியை ஆங்கிலத்தில் எழுதும்போது டபிள்யூ இருக்கிறதா, நடுவில் வருவது ஏ-யா யூ-வா, செந்திலில் டி-யா டி-ஹெச்-ஆ. பெயரை வைத்துத் தேடும் தளம் எதுவாக இருந்தாலும் இத்தனை உருவங்களையும் போட்டுப் பார்த்தால்தான் "இல்லை" என்ற பதிலுக்கு அர்த்தம் உண்டு.

தனியார் தளத்துக்கு முக்கியச் சாவி பெயர்தான். பெயரும் ஊரும் வயதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, பல இடத்திலிருந்து அள்ளி வந்ததை ஒரே ஆளின் கணக்கில் கட்டிவிடுகிறார்கள். எனக்கு வந்த அறிக்கையில் என் பெயரே கொண்ட வேறொருவரின் வேறு மாநில வழக்கு இருந்தது, நான் அந்த மாநிலத்தில் கால் வைத்ததே இல்லை. எந்த வாரண்டைத் தேடிக் காசு கட்டினேனோ அது மட்டும் அதில் இல்லை.

கோர்ட் தளங்கள் பலவற்றில் பெயரை விட்டுவிட்டு எண்ணை வைத்துத் தேடலாம். வழக்கு எண், டிக்கெட் எண், சில இடங்களில் லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும். எண்ணுக்கு எழுத்துக்கூட்டல் கிடையாது. என் டிக்கெட் காரின் பெட்டியில்தான் கிடந்தது, ஆனால் அது அந்த மழமழப்பான ரசீதுத் தாள், டெக்சாஸ் வெயிலில் இரண்டு கோடைகாலம் வெந்து கறுத்துப் போயிருந்தது. போன் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, கடைசி இரண்டு இலக்கத்தைத் தவிர மற்றதைப் படித்துவிட்டேன். பிறகு பெயருக்கே போனேன். கடைசிப் பெயரில் முதல் சில எழுத்தும் நட்சத்திரக் குறியும் போட்டால் மீதியைத் தளமே நிரப்பிக்கொண்டது (பல கோர்ட் தளங்களில் இது நடக்கும், எல்லாவற்றிலும் இல்லை). பெயர்கள் தலைகீழாக இருந்த ஒரு வரியில் வழக்கு எண்ணின் முன்பகுதி என் டிக்கெட்டோடு அப்படியே பொருந்தியது. திறந்தால் நிலை என்ற கட்டத்தில் வாரண்ட், பக்கத்தில் தேதி, கீழே கட்ட வேண்டிய தொகை. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

கவுண்டி தளத்துக்கும் குறை உண்டு, அதை மறைக்க மாட்டேன். டெக்சாஸில் மட்டும் 254 கவுண்டிகள், எல்லாவற்றையும் சேர்த்துப் பொதுமக்கள் வாரண்ட் பார்க்கும் ஒரே இடம் என்று எதுவும் இல்லை. எஃப்.பி.ஐ.யின் என்.சி.ஐ.சி. என்ற நாடு தழுவிய குற்றத் தகவல் தொகுப்பு 1967 முதல் இருக்கிறது, ஆனால் அது போலீஸுக்கும் அவர்களைச் சேர்ந்த துறைகளுக்கும்தான். ஒரு கவுண்டிக்குள்ளேயே கோர்ட்டுகள் பிரிந்து கிடக்கும். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் கோர்ட் (சின்ன வழக்குகளைப் பார்க்கும் கோர்ட்) மட்டும் பதினாறு. மாநில நெடுஞ்சாலைப் போலீஸோ ஷெரீஃபின் (கவுண்டிப் போலீஸ் தலைவர்) ஆளோ கவுண்டி கான்ஸ்டபிளோ எழுதிய டிக்கெட் அந்த கோர்ட்டுகளில் ஒன்றுக்குப் போகும், நகரப் போலீஸ் எழுதியது நகராட்சி கோர்ட்டுக்குப் போகும், அதன் தளம் தனி. அதனால் தேடுவதற்கு முன் டிக்கெட்டின் தலைப்பில் எந்த கோர்ட் என்று பாருங்கள். தப்பான தளத்தில் தேடி, இல்லை என்று நிம்மதியாகப் போனவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர்.

எந்தக் கவுண்டி என்றே நினைவில்லாதவருக்குத் தனியார் தளம் ஒரு துப்பு கொடுக்கலாம், அந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன். துப்பு கிடைத்ததும் அந்தக் கவுண்டிக்குப் போய்ச் சரிபார்க்க வேண்டும். அந்த அறிக்கையை வைத்து வாடகைக்கு வீடு கொடுப்பது, வேலைக்கு ஆள் எடுப்பது எல்லாம் கூடாது. அதற்கு 1970-இலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது, இந்தத் தளங்களே அடியில் பொடி எழுத்தில் அப்படிப் பயன்படுத்தாதீர்கள் என்று போட்டிருக்கும்.

இன்னொன்று, பெரிய குற்ற வழக்குகளில் ஆளைப் பிடிக்கும் முன் வாரண்டைப் பெரும்பாலும் தளத்தில் போட மாட்டார்கள், ஆள் தப்பிவிடுவான். டெக்சாஸ் சட்டப்படி கைது வாரண்டின் நகலைக் கேட்டவருக்குக் காட்ட வேண்டிய கடமை கிளார்க்குக்கு வருவதே அது நிறைவேறிய பிறகுதான். ஆகவே நான் சொல்வதெல்லாம் டிக்கெட், தவறிய வாய்தா மாதிரி வழக்குகளுக்கு.

மூன்றாவது வழி போன். மறுநாள் காலை கோர்ட் கிளார்க்கைக் கூப்பிட்டு வழக்கு எண்ணைச் சொன்னேன், அந்தப் பெண்மணி பொறுமையாகப் பேசி நேரில் வரத் தேதி கொடுத்தார். போனேன். பிடிபடும் முன்பே தானாக வந்து வழக்கை முடிக்க உண்மையாக முயன்றால், ஆஜராகாததற்குப் போட்ட வாரண்டை நீதிபதி திரும்பப் பெற வேண்டும் என்று 2017-இல் டெக்சாஸ் சட்டமே கொண்டுவந்தது, என் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. வக்கீல் வைத்தும் செய்யலாம். டிக்கெட்டைத் தாண்டிய குற்ற வழக்கு என்றாலோ, விசாவில் இருப்பவர் என்றாலோ கோர்ட்டுக்குப் போகும் முன் வக்கீலிடம் பேசுங்கள், அங்கே என் அனுபவம் உதவாது.

"உங்கள் பேரில் வாரண்ட் இருக்கிறது, கிஃப்ட் கார்டில் பணம் கட்டுங்கள்" என்று வரும் போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன மாதம் என் அத்தை மகனுக்கு வந்தது. லைனைத் துண்டித்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். அவன் இருக்கும் கவுண்டி தளத்திலும் நகராட்சி தளத்திலும் அவன் பெயரை நாலு விதமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம், லைசென்ஸ் எண்ணையும் போட்டோம். ஒன்றும் இல்லை. எந்த கோர்ட்டும் கிஃப்ட் கார்டு கேட்காது.

வாரண்ட் ரத்தான இரண்டாம் நாள் கவுண்டி தளத்தில் அந்தக் கட்டம் மாறிவிட்டது. ஆனாலும் போலீஸ் வண்டியில் இருக்கும் கணினிக்கு அது எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது, அதனால் ரத்து உத்தரவின் நகல் ஒன்று வாங்கி இன்ஷூரன்ஸ் தாளோடு சேர்த்துக் காரில் வைத்திருக்கிறேன். டிக்கெட் எண்ணையும் இப்போது போனில் படம் பிடித்து வைத்தாயிற்று, கடைசி இரண்டு இலக்கத்தைக் கிளார்க் சொன்னபடி மேலே பேனாவால் எழுதி.