யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது: இறுக்கமான விதியா, தளர்வான விதியா?

சர்க்கரை நோயாளிகள் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று பார்க்கும் ஒரு சின்ன ஆய்வுக்கு புரோட்டோகால், அதாவது ஆய்வை எப்படி நடத்துவது என்ற திட்டம், எழுத வேண்டியிருந்தது. கையில் இரண்டு வரைவுகள். ஒன்று இறுக்கமானது: 30 முதல் 60 வயது, பிரஷர் கூடாது, சிறுநீரகக் கோளாறு கூடாது, இன்சுலின் கூடாது. மற்றதில் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது மாத்திரை சாப்பிட்டிருக்க வேண்டும், சம்மதம் தர வேண்டும், அவ்வளவுதான். பேச முடியாத அளவுக்கு உடம்பு முடியாதவர்களை மட்டும் விட்டுவிடலாம். நான் இரண்டாவதை எடுத்தேன்.

இறுக்கமான விதியில் என்ன லாபம் என்பது தெரிந்த கதைதான். ஆட்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பார்கள், கணக்கில் குழப்பம் குறையும், சின்ன சாம்பிளிலேயே விடை கிடைக்கலாம். ஆனால் எழுதுகிற ஒவ்வொரு விதியையும் யாராவது சரிபார்த்தாக வேண்டும். 'சிறுநீரகக் கோளாறு கூடாது' என்று எழுதினால் வருகிற எல்லோருக்கும் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பார்க்கணும். போதாததற்கு, சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்தே இருப்பவர்கள்தான் ஓபி வரிசையில் ஏராளம். அவர்களை அனுப்பிவிட்டு யாரிடம் கேள்வி கேட்பது?

இதெல்லாம் அலைச்சல் கணக்கு. என்னை முடிவெடுக்க வைத்தது வேறு. ஆய்வு முடிந்த பிறகு அதன் முடிவு யாரிடம் போய்ச் சேரும் என்ற கேள்வி அது.

1999இல் வெளியான ரேல்ஸ் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 1,663 பேரைச் சேர்த்து, ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை மரண அபாயத்தை 30 சதவீதம் குறைக்கிறது என்று காட்டினார்கள். கிரியாட்டினின் 2.5க்கு மேலோ, பொட்டாசியம் 5க்கு மேலோ இருந்தவர்களை அவர்கள் சேர்க்கவில்லை. சரியான முடிவுதான், அந்த மருந்து ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. ஆனால் ஆய்வு வெளியானதும் கனடாவின் ஒன்டாரியோவில் அந்த மருந்தை எழுதித் தருவது மளமளவென்று கூடியது. அங்கே இதயச் செயலிழப்பு உள்ள முதியவர்களிடம் பார்த்த கணக்கில், பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1994இல் ஆயிரத்துக்கு 2.4 பேர், 2001இல் 11 பேர். மருந்து வெளியே போனது, வேலி புரோட்டோகாலிலேயே நின்றுவிட்டது. ஆய்வில் அடிக்கடி ரத்தம் பார்த்தார்கள், வெளியே அப்படிப் பார்க்கவில்லை என்பதும் காரணம். பழி முழுவதையும் விலக்கு விதிமேல் போட முடியாது. ஆனாலும் வடிகட்டி எடுத்தவர்களிடம் கிடைத்த விடையை வடிகட்டாதவர்களுக்கு அப்படியே கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

எதிர்ப்பக்கத்துக்கு, 2020இல் பிரிட்டனில் தொடங்கிய ரெக்கவரி ஆய்வு. கொரோனாவோடு, அல்லது அந்தச் சந்தேகத்தோடு, மருத்துவமனையில் சேர்ந்திருந்தால் போதும். சேர்த்தால் ஆபத்து என்று சிகிச்சை தரும் மருத்துவர் நினைத்தால் விட்டுவிடலாம். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தின் ஒப்பீட்டில் மட்டும் 6,425 பேர். வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கும் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கும் பலன் இருந்தது, ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு இல்லை. கடைசி ஆட்களை முதலிலேயே விலக்கியிருந்தால் அவர்களுக்கு இது வேண்டாம் என்று எப்படித் தெரிந்திருக்கும்?

தளர்வான விதிக்கு விலை உண்டு, அது ஆள் எண்ணிக்கை. எல்லோரையும் சேர்த்தால் கடைசியில் அவர்களைச் சின்னச் சின்னக் குழுக்களாகக் கூறு போட்டுப் பார்க்கும் ஆசையும் வரும். 1988இல் வந்த ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 பேர். மாரடைப்புக்கு ஆஸ்பிரின் நல்லது என்று அழுத்தமாகச் சொன்ன ஆய்வு. கூறு போடுவதன் ஆபத்தைக் காட்டவென்றே ராசிவாரியாகவும் பிரித்துப் பார்த்தார்கள். மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தவர்களுக்கு ஆஸ்பிரின் ஆகாது என்பது போல வந்தது! (மேல்நாட்டு ராசிக் கணக்கு, நம் ஜாதகத்தை எடுக்க வேண்டாம்.) அவ்வளவு பெரிய ஆய்விலேயே அப்படியென்றால், என் சின்ன சாம்பிளை வயதுவாரியாக வெட்டி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

மருந்துச் சோதனையை நான் நடத்தியதில்லை. புது மருந்தை முதன்முதலில் மனிதருக்குக் கொடுக்கும் கட்டத்தில் இறுக்கமான விதிதான் வேண்டும் என்பதே என் எண்ணமும். கேள்வித்தாளை வைத்துச் செய்யும் ஆய்வு வேறு. அங்கே விலக்கு விதி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் எழுதிப் பார்த்தேன். ஆளுடைய பாதுகாப்பு என்று வந்தால் வைத்துக்கொண்டேன், கணக்கு அழகாக வரும் என்று வந்தால் அடித்தேன். '18 வயதுக்குக் குறைந்தவர்கள்' போன்றவை சேர்ப்பு விதியையே திருப்பி எழுதியவை, அவை தானாகப் போயின. பழக்கத்தில் எழுதியிருந்த 'கர்ப்பிணிகள்' என்ற வரிக்கு மட்டும் கடைசி வரை ஒரு காரணமும் எழுத வரவில்லை. கேள்வி கேட்பதால் அவர்களுக்கு என்ன ஆகிவிடப் போகிறது? அதையும் எடுத்துவிட்டு எத்திக்ஸ் கமிட்டிக்கு அனுப்பினேன்.