நிழல் இடுக்குக்கு ரமோண்டாவா, ஹேபர்லியாவா?

பாறைத் தோட்டம் போடுகிற பலரும் வெயில் விழும் பக்கத்துக்குத்தான் செடி தேடுகிறார்கள், நிழல் பக்கத்துக் கல் இடுக்கு சும்மா கிடந்து பாசி பிடிக்கிறது. அந்த இடத்துக்கென்றே பிறந்த மாதிரி இரண்டு மலைச்செடிகள் உண்டு. ரமோண்டா மைக்கோனி பிரான்ஸ், ஸ்பெயின் எல்லையிலுள்ள பைரனீஸ் மலையைச் சேர்ந்தது. ஹேபர்லியா ரோடோபென்சிஸ் பல்கேரியா, வடக்கு கிரீஸ் பக்கம், பெயரிலேயே ரோடோபி மலை இருக்கிறது. இரண்டும் வீட்டுக்குள் தொட்டியில் வளர்க்கிற ஆப்பிரிக்க வயலட் பூச்செடியின் குடும்பம்தான், ஆனால் அதற்குக் குளிர் ஆகாது, இவை உறைபனியையும் தாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் நிற்கும்.

பூவை மட்டும் பார்த்தால் என் ஓட்டு ரமோண்டாவுக்கு. ஊதா இதழ்கள் தட்டையாக விரிந்திருக்க, நடுவில் மஞ்சள் மகரந்தப்பைகள் சின்னக் கூம்பாகக் குவிந்து நிற்கும். இலையும் அழகு: கரும்பச்சை, சுருக்கம் சுருக்கமாக, அடியில் துரு நிற ரோமம். ஹேபர்லியாவின் பூ குழல் மாதிரி, வெளிர் ஊதா, தொண்டைக்குள் பொன் நிறப் புள்ளிகள். குனிந்து பார்த்தால்தான் அதன் அழகு தெரியும்.

ஆனால் வளர்க்கிறவருக்குப் பூவைவிட முக்கியம் குருத்து. இரண்டுமே இலைகளை வட்டமாகத் தரையோடு விரிக்கும், அந்த வட்டத்தின் நடுவில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். அதனால்தான் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில், செங்குத்தான இடுக்கில் சாய்த்து நடச் சொல்கிறார்கள். நான் முதல் ரமோண்டாவைச் சமதரையில் நட்டேன், ஒரே மழைக்காலத்தில் நடுக்குருத்து பழுப்பாகிக் கையோடு வந்துவிட்டது. பெரும்பாலும் ஒற்றை வட்டமாகவே நிற்கிற செடி, அது போனால் எல்லாம் போச்சு. ஹேபர்லியா பக்கத்தில் பக்கத்தில் குட்டி போட்டு மெத்தை மாதிரி அடர்ந்துவிடும், ஒரு வட்டம் அழுகினாலும் மற்றவை பிழைத்துக்கொள்ளும்.

வறட்சியில் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். உயிர்த்தெழும் செடிகள் என்றே இவற்றுக்குப் பெயர். தண்ணீர் இல்லாமல் இலைகள் உள்பக்கமாகச் சுருண்டு, தொட்டால் காய்ந்த காகிதம் மாதிரி சரசரக்கும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள், நன்றாக நனைத்து விட்டால் ஓரிரு நாளில் பச்சை பிடித்து விரியும். அதற்காகக் காயப்போட்டே வளர்க்கலாம் என்று அர்த்தமில்லை, அப்படிச் செய்தால் பூ குறையும்.

மண் இரண்டுக்கும் ஒன்றுதான்: இலைமக்கு, சரளை, தண்ணீர் நிற்காத கலவை, சுண்ணாம்புக்கல் பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை. வட அரைக்கோளத்தில் வடக்குப் பார்த்த இடுக்கு, தெற்கில் தெற்குப் பார்த்தது. நத்தையையும் கூன்வண்டுப் புழுவையும் கவனியுங்கள்.

பெருக்குவதிலும் ஹேபர்லியாதான் எளிது, பூ முடிந்ததும் கொத்தைப் பிரித்து நட்டால் போதும். ரமோண்டாவுக்கு இலையைக் காம்பின் அடி வரை முழுசாகப் பிய்த்து, மணல் கலந்த மண்ணில் செருகிக் காத்திருக்க வேண்டும். விதை தூசி மாதிரி இருக்கும், அதிலிருந்து பூ பார்க்கச் சில வருடங்கள் ஆகும்.

இருப்பது ஒரே ஒரு இடுக்கு, அதுவும் லேசான சரிவுதான் என்றால் ஹேபர்லியாவை வையுங்கள். செங்குத்தான கல்சுவர் இருந்தால் ரமோண்டாவைத் தயங்காமல் நடலாம். அப்புறம், இரண்டையும் சேர்த்து நடுவதானால் நடுவில் ஒரு சாண் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் ஹேபர்லியா பரவி ரமோண்டாவின் இலைவட்டத்தை மூடிவிடும்.